ஊசியா, குளிசையா?

இனிப்பு என்னும் சுவையை அறியாத பிராணி பூனை. பாலைக் கண்டால் நக்கும். உறியைக் கண்டால் தாவும். சர்க்கரைப் பொங்கலை முன்னே வைத்தால் முகர்ந்துவிட்டு அப்பாற் போய்விடும். அதன் நாவிலே இனிப்பை உணர்தற்குரிய ஏற்பி உருவாவதில்லை என்பதையும், அவ்வேற்பியை ஆக்கவேண்டிய பரம்பரையலகுகளுள் ஒன்று பழுதாகிக் கிடக்கின்றது என்பதையும் 2005 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரத்து மொனெல் ஆய்வு நிலையத்தார் வெளியிட்டனர். புலிக்கும் சிவிங்கிக்கும் இதே கதைதான். இனிப்பை ஒருநாளும் சுவைத்தறியாத இப்பிராணிக்கு, இனிப்பின் பெயரால் நாம் வழங்கும் நோய் வருகின்றது. நம் வீடுகளிலே "சீனி வருத்தம்" என்று சொல்லப்படும் நீரிழிவே அது.

வாசகர்களுட் சிலர் நகைக்கக்கூடும். மனிதருக்கே மருந்து கிடையாது தவித்த 2022 ஆம் ஆண்டினைக் கண்ட நாட்டிலே பூனை வைத்தியத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியை நான் பின்னர் எடுத்துக்கொள்வேன். இப்போதைக்கு ஒன்று கூறலாம். ஒரு மூதாட்டியின் வீட்டிலே அவருக்குத் துணையாய் எஞ்சிய ஓருயிர் நோயுற்றபொழுது, ஊசியா குளிசையா என்னும் கேள்வி எத்துணைப் பாரமுடையதாயிற்று என்பதனை அருகிருந்து கண்டவன் நான்.

அம்மூதாட்டி என் தமக்கையார். மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டைப் பக்கத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கிய ஒரு சிறு வீட்டில் வசிக்கிறார். தோட்டப் பாடசாலைகளிலே நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கடல் கடந்து போயினர். வெள்ளையன் என்னும் பதினொரு வயதுக் கடுவனே அவருடன் இருப்பது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அக்கடுவன் தண்ணீர்ச் சட்டியை விட்டு நீங்காதாயிற்று. மணற்பெட்டி நாளொன்றிற் பலமுறை நனைந்தது. நனைந்த இடத்தை எறும்புகள் சாரை சாரையாய் நாடின. எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கொண்டு மதுமேகத்தை அறியலாமெனச் சுசுருதர் காலத்து வைத்தியர் கண்டிருந்தனர். இறத்தோட்டையில் அதனை முதலிற் கண்டவர் வீடு கூட்டவரும் பெண்மணி. வயிறு நிறைய உண்டும் பூனை மெலிந்தது. ஒரு காலத்தில் ஆறு கிலோவுக்குக் குறையாதிருந்த உடல் மூன்றரைக் கிலோவுக்கு இறங்கிற்று. பின்னங்காலின் குதி நிலத்தில் தோயும்படி, முயல் நடப்பதுபோல் நடக்கத் தொடங்கியது. குருதியிற் குளுக்கோசு மிகுந்து நரம்புகளைத் தாக்கும்போது பூனைக்கு உண்டாகும் நடை அது.

பூனைக்கு இந்நோய் ஏன் வருகின்றது? நம் முதியோருக்கு வரும் வகையினையே அது பெரிதும் ஒத்திருக்கின்றது. சதையியிலே இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் அடியோடு அழிவதில்லை. உடற்கொழுப்பு மிகுதலால் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கின்றது. கலங்கள் மேலும் மேலும் உழைத்துக் களைத்துப் போகின்றன. வயது முதிர்ந்த, காயடிக்கப்பட்ட, வீட்டோடு தங்கிப் பருத்த கடுவன்களையே அது மிகுதியும் பற்றும். உணவும் இதிற் சேரும். பூனை ஊனுண்ணி. மாப்பொருளைக் கையாளுதற்குரிய நொதியங்களுள் ஒன்று அதன் ஈரலிலே மிகக் குறைவு. நாமோ சோற்றைப் பிசைந்து, அதன்மேல் நெத்தலித் தலை நான்கினை வைத்து, அதனை மீன்சோறு என்கிறோம். மலைநாட்டுப் பூனைகள் பல அச்சோற்றை உண்டும் எலி பிடித்து, ஓடித்திரிந்து நலமாகவே வாழ்ந்து முடிக்கின்றன. வாசற்படியைத் தாண்டாத பூனைக்கு அந்தத் தற்காப்பு இல்லை.

கண்டிக்குக் கொண்டுசென்று ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினோம். மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியே கூடைக்குள் அலறிக்கொண்டே வந்த பிராணியின் குருதியைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பயந்த பூனையின் குருதியிலே, நோயில்லாதபோதும், குளுக்கோசு வெகுவாக ஏறிவிடும். ஆகவே ஒரு முறை குத்திப் பார்த்த எண்ணைக்கொண்டு முடிவு செய்தல் தகாது. கடந்த இரண்டொரு வாரங்களின் நிலையைக் காட்டும் பிரக்டோசமின் என்னும் சோதனையையும், சிறுநீர்ச் சோதனையையும் சேர்த்தே வைத்தியர் நோயை உறுதிசெய்தார். மனிதரில் 100 மில்லிலீற்றர் குருதியிலே குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும். பூனையிலோ அவ்வெல்லை 250க்கும் மேலே. அவ்வளவு ஏறும்வரை அது வாய்திறந்து சொல்வதில்லை. வெள்ளையனின் சிறுநீரிலே குளுக்கோசோடு இன்னொன்றும் சிறிதளவு தென்பட்டது: கீற்றோன். இவ்வொரு சொல்லே பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

தமக்கையார் குளிசையையே வேண்டினார். அவர் கண்களிரண்டிலும் வெண்படலம் படர்ந்திருந்தது. "தம்பி, அந்த ஊசியிலே இருக்கிற கோடு என் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? குளிசை என்றால் மீனுக்குள்ளே ஒளித்துக் கொடுத்துவிடுவேன். என்னுடைய குளிசையிலேயே பாதியைக் கொடுத்தால் ஆகாதா என்று டொக்டரிடம் கேள்" என்றார். தாம் உண்ணும் மெற்போமினை அவர் குறிப்பிட்டார். இந்நாட்டிலே வீட்டுக்கு வீடு அலுமாரித் தட்டில் இருக்கும் அக்குளிசை பூனையின் நோயை அடக்கப் போதாது. வயிற்றைக் கலக்கி, உண்ணுகின்ற சிறிதளவையும் நிறுத்திவிடக்கூடும். மனிதருக்குரிய குளிசையை உடைத்துப் பிராணிக்குக் கொடுத்தல் எவ்வகையானும் கூடாது என்பதனை வைத்தியர் அழுத்திச் சொன்னார். "அப்படியானால் பூனைக்கென்றே குளிசை இல்லையா?" என்பது தமக்கையாரின் அடுத்த கேள்வி. உண்டு. அதன் வரலாறு சுவையானது.

ஜோசப் பொன் மேரிங் என்னும் ஜெர்மானிய வைத்திய அறிஞர் ஒருவரே இரு வழிகளின் வாயிலிலும் நிற்கின்றார். அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835 ஆம் ஆண்டிலே புளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். அதனை உட்கொண்டால் சிறுநீரிலே குளுக்கோசு வெளியேறுவதை மேரிங் 1886 இல் கண்டார். மூன்றாண்டுகளின் பின், 1889 இல், ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து நாயொன்றின் சதையியை அகற்றிப் பார்த்தபோது அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. முதற் கண்டுபிடிப்பு சிறுநீரகத்தைச் சுட்டியது. இரண்டாவது சதையியைச் சுட்டியது. உலகம் இரண்டாவதன் பின்னே போயிற்று. 1921 இல் டொரொன்டோவிலே பான்ரிங்கும் பெஸ்ற்றும் நாய்களிலே இன்சுலினின் ஆற்றலைக் கண்டனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அது முதலிலே செலுத்தப்பட்டது. காப்புரிமையைக் கண்டுபிடித்தோர் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். நெடுங்காலம் மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்துமே மருந்து எடுக்கப்பட்டது. மாட்டின் இன்சுலினுக்கும் பூனையின் இன்சுலினுக்கும் ஓர் அமினோ அமிலமே வேறுபாடு என்பது பிற்காலத்தில் அறியப்பட்ட செய்தி.

அப்பிள் பட்டையின் வழி நூறாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. இடையிலே வேறொரு குளிசை வந்தது. 1942 இல் பிரான்சின் மொன்பெலியே நகரிலே, நெருப்புக்காய்ச்சலுக்குப் புதியதொரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்த வைத்தியர்கள், நோயாளரின் குளுக்கோசு அபாயமான அளவுக்கு இறங்குவதைக் கண்டனர். அவ்வழியில் தோன்றிய கிளிபிசைட் பூனைகளுக்கும் பல்லாண்டு கொடுக்கப்பட்டது. களைத்த சதையியை மேலும் அடித்தோட்டும் மருந்து அது; சில பூனைகளுக்கே பயன் தந்தது. ஏறமாட்டாத மாட்டை மலைப்பாதையில் சாட்டையால் அடிப்பது போன்றது என்பது என் எண்ணம்.

பின்னர் புளோரிசினின் வழித்தோன்றல்கள் வந்தன. வடிகட்டிய குளுக்கோசைச் சிறுநீரகம் மீண்டும் குருதிக்கே அனுப்பிவிடும். அவ்வாறு அனுப்பும் வாயிலை இம்மருந்துகள் அடைக்கின்றன. குளுக்கோசு சிறுநீரோடு போய்விடுகின்றது. பூனைக்கென்றே செய்யப்பட்ட பெக்சாகிளிஃப்ளோசின் குளிசைக்கு ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிருவாகம் 2022 டிசம்பரிலே அனுமதி வழங்கிற்று. நாளுக்கு ஒரு குளிசை. மூன்று கிலோவுக்குக் குறையாத பூனைக்கு. 2023 ஓகஸ்றில் வெலாகிளிஃப்ளோசின் என்னும் நீர்மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. அதுவும் நாளுக்கு ஒரு முறையே. ஊசிக்கு அஞ்சுவோர்க்கு இவை வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. குளுக்கோசும் விரைவாகவே இறங்குகின்றது.

ஆனால் இம்மருந்துகள் குளுக்கோசை வெளியேற்றுமேயன்றி, இன்சுலினைத் தரமாட்டா. பூனையின் சதையியிலே சொந்தச் சுரப்பு இன்னும் எஞ்சியிருந்தால், குளுக்கோசின் சுமை குறைந்ததும் அது நிமிர்ந்துகொள்ளும். எஞ்சியிராவிட்டால் நிலைமை வேறு. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கும். கொழுப்பு எரிந்து கீற்றோன் அமிலங்களாய்க் குருதியிலே தேங்கும். வாந்தி, சோர்வு, மரணம் என அது முடியும். சாதாரணமாக இந்நிலையிலே குளுக்கோசும் ஏறியிருக்கும், பார்த்தவுடன் அறியலாம். இக்குளிசை உண்ட பூனையிலோ குளுக்கோசு சிறுநீரில் ஓடிவிடுவதால், குருதியிலே அதன் அளவு ஒழுங்காகவே இருக்கும். கருவி நலமென்று காட்டும், பூனை இறந்துகொண்டிருக்கும். ஆதலாற்றான் இவ்விரு மருந்துகளின் உறைகளிலும் கட்டமிட்ட எச்சரிக்கை உண்டு. முன்பு இன்சுலின் ஏற்றிய பூனைக்கு இவற்றைக் கொடுக்கலாகாது. உணவு மறுக்கும் பூனைக்கும், சோர்ந்த பூனைக்கும், நீர்வற்றிய பூனைக்கும், கீற்றோன் கண்ட பூனைக்கும் கொடுக்கலாகாது. நோய் புதிதாய்க் கண்ட, நன்கு உண்ணுகின்ற, உடல் தளராத பூனையே இவற்றுக்கு உரியது. அதற்கும் தொடக்க வாரங்களிலே கீற்றோனை அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

வெள்ளையனுக்கு அத்தகுதி இல்லை. மெலிவு ஒன்று, கீற்றோன் மற்றொன்று. ஆறு கிலோவோடு கொழுத்துத் திரிந்த காலத்திலே நோய் வெளிப்பட்டிருந்தால், அம்மருந்து இங்கே கிடைக்குமாவென வைத்தியரை வினாவுதல் பொருந்தியிருக்கும். சோர்ந்து படுத்தபின் அது வழியன்று. தமக்கையாரிடம் நான் இதனைக் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் கோட்டை யார் பார்ப்பது?" என்று மட்டும் கேட்டார்.

இன்சுலினுக்கு வேறொரு நன்மையும் உண்டு. பலர் அதனை அறியார். குளுக்கோசு மிகுந்த குருதியே சதையியின் கலங்களுக்கு நஞ்சாகின்றது. வெளியிலிருந்து இன்சுலினை ஏற்றி, மாப்பொருள் குறைந்த உணவையும் கொடுத்தால், அக்கலங்களுக்கு ஓய்வு கிடைக்கின்றது. நோய் கண்ட சில மாதங்களுக்குள் இவ்வாறு தொடங்கிய பூனைகளுள் ஒரு பகுதி, ஊசியே வேண்டாத நிலைக்கு மீள்கின்றன. பூனையில் இன்சுலின் என்றால் இறுதிவரை ஊசி என்று பொருளில்லை.

ஊசியைப்பற்றிய அச்சமும் பெரிதும் நம்முடையதே. இன்சுலின் ஊசி மயிரிழை போன்றது. தோளருகே தளர்ந்த தோலைத் தூக்கி, உண்ணும் வேளையிற் செலுத்தினால் பூனை பல வேளைகளில் திரும்பியும் பார்ப்பதில்லை. குளிசையை மீனுக்குள் ஒளித்துக் கொடுப்போம் என்பார் பூனையை அறியாதார். மீன் போய்விடும், குளிசை தரையில் இருக்கும். வாயைத் திறந்து தொண்டைக்குள் இடுவதோ நாளாந்தம் ஒரு மற்போர். இரண்டையும் செய்து பார்த்தவர் பலர் ஊசியே எளிதென்பர்.

மெய்யான இடர்கள் வேறு. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாள் தவறாது, அநேகமாக உண்ட பின்னரே அதனைச் செலுத்தவேண்டும். உண்ணாத பூனைக்கு வழமையான அளவை ஏற்றினால் குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்கும். தள்ளாட்டமும் வலிப்பும் உண்டாகும். அவ்வேளையில் ஈறுகளிலே தேனையோ சீனிப் பாகையோ தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓடவேண்டும். இனிப்பை அறியாத பிராணியைக் காப்பாற்றுவது அந்த இனிப்பே.

இன்னொன்று சிறிஞ்சு. மனிதருக்கான இன்சுலின் மில்லிலீற்றருக்கு 100 அலகு. பிராணிகளுக்கென வரும் சில 40 அலகு. 40க்கு உரிய சிறிஞ்சிலே 100 அலகு மருந்தை அதே கோடுவரை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக்கு உரிய சிறிஞ்சையே கேட்டு வாங்குதல் உயிர் காக்கும் செயல். வைத்தியர் எழுதிய கிளார்ஜீன் 100 அலகு மருந்து. வெள்ளையனுக்குத் தொடக்க அளவு ஒரே ஓர் அலகு. கடுகின் பருமனுக்கு மேலில்லாத துளி. அக்கோடே தமக்கையாரின் கண்ணுக்குத் தெரியாத கோடு.

மின்வெட்டு நாட்களிலே மருந்தைக் காப்பது எப்படி என்னும் கவலையும் இருந்தது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாமொன்றின் வெப்பநிலையை அடிப்படையாகக்கொண்டு ஆராய்ந்து, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் வலுக்குன்றாதிருப்பதை 2021 இல் வெளியிட்டன. மலையடிவார வீடொன்றில், நனைத்த மண்சட்டிக்குள் ஓரிரு இரவு கழிப்பதற்கு இதனைவிட ஆறுதல் வேண்டியதில்லை. உறையவிடுவதே பெருங்கேடு.

அயலவர் ஒருவர் மூலிகையைச் சொன்னார். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் போகும் வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இது. மருந்துச் செடியும் அவற்றோடு விற்கப்படும். கொத்தல ஹிம்புட்டு மரத்தைக் கடைந்த குவளையில் இரவு நீர் வைத்துக் காலையில் அருந்தும் வழக்கம் இலங்கையில் உண்டு. அது வெறுங்கதையன்று. அதிலிருந்து சலசினோல் என்னும் பொருளை 1997 இல் யப்பானிய ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். குடலிலே மாப்பொருள் சீனியாக உடைவதை அது தடுக்கின்றது. மனிதர் சோற்றை உண்டு அதனை அருந்துவதிற் பொருளுண்டு. மாப்பொருளை நிறுத்திய பூனைக்கு அங்கே தடுப்பதற்கு என்ன இருக்கின்றது? சோற்றை நிறுத்துவது குவளையைவிட நேரான வழி.

முதலிற் சொன்ன கேள்விக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்ததே 2021 ஆம் ஆண்டிற்றான். அவர்கள் மத்தியிலே பூனையின் மருந்துக்குப் பணம் செலவிடுவது நியாயமா? தமக்கையார் இதனை என்னைவிட முன்பே எண்ணியிருந்தார். அரசாங்க வைத்தியசாலையின் சிகிச்சைப் பிரிவிலே மனிதருக்கு இலவசமாகக் கிடைக்கும் இன்சுலினில் ஒரு துளியும் பூனைக்கு எடுக்கலாகாது என்பது அவர் முதலில் விதித்த கட்டளை. ஓய்வூதியத்திலே தமக்கென வைத்ததிலிருந்து மருந்தை வாங்கினார். இதற்குமேல் ஒருவரை விசாரிக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கோட்டைப் பார்க்க ஆள் கிடைத்தது. பக்கத்து லயத்திலே உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வந்தாள். "மகள், ஒன்றுதானே? ஒன்றரை இல்லையே?" என்று தமக்கையார் நாள்தோறும் கேட்பார், "ஒன்றுதான் டீச்சர்" என்று அவள் சிறிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். பள்ளிப் புத்தகத்திற் படமாய் இருந்த சதையி அவளுக்கு அவ்வீட்டிலே உயிர்பெற்றது. ஒரு கொப்பியிலே திகதி, உணவு, நீர், அலகு, நடை என ஐந்து நிரல் வரைந்து, வாரந்தோறும் வைத்தியருக்கு அதனைத் தொலைபேசியிலே படம்பிடித்து அனுப்பினாள். சோறு நின்றது, வேகவைத்த மீனும் கோழியும் வந்தன. கீற்றோன் முதல் வாரத்திலேயே மறைந்தது. அளவு இரண்டு அலகுவரை ஏறி, மூன்றாம் மாதத்தில் மீண்டும் ஒன்றுக்கு இறங்கிற்று. வெள்ளையன் நான்கு கிலோவை எட்டினான். குதி நிலத்தில் தோயும் நடை இன்னும் முற்றாக மாறவில்லை.

மாணவிக்குப் பரீட்சை நெருங்கியது. அவள் பல்கலைக்கழகம் புகுந்தால் கோட்டை யார் பார்ப்பது என்னும் பழைய கேள்வி திரும்பவும் எழுந்தது. கண்ணிலே கத்தி வைக்க அஞ்சி நான்கு ஆண்டு தள்ளிப்போட்டு வந்த தமக்கையார், ஒரு நாள் தாமாகவே திகதி கேட்டுப் பதிந்து வந்தார். வலக்கண்ணின் படலம் அகற்றப்பட்டது. கட்டவிழ்த்த மறுவாரம் சிறிஞ்சை வாங்கி யன்னலருகே பிடித்துப் பார்த்து, "இவ்வளவு சின்னக் கோடா இது!" என்றார்.